ஓடையின் வேகமும் மின்வலையின் வேகமும்: சப்ரகமுவத் தோட்டப்புறத்தில் மின்பிறப்பாக்கியின் நூற்றாண்டு

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதே மாவட்டத்து ஓடைகள் தை, மாசி மாதங்களில் கற்கள் தெரிய வற்றிப்போகின்றன. ஓடை ஏறும், இறங்கும். மின்சாரத்தின் மீடிறன் அப்படி ஏறி இறங்க முடியாது. இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ். நான்கு முனைவு கொண்ட மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நின்றால்தான் அந்த அளவு கிடைக்கும். மாறும் நீரை மாறாத வேகத்துக்கு எப்படிக் கட்டிப்போடுவது என்ற ஒரே சிக்கல்தான் சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் மின்னாக்க வரலாறு முழுவதும் ஓடுகிறது. மாறுவேக மின்பிறப்பாக்கிக்கு இப்போது பிறந்திருக்கும் தேவையையும் இந்தச் சிக்கலின் வழியாகவே பார்க்க வேண்டும்.

தோட்டங்களின் முதல் நீர்ச்சுழலிகள் மின்சாரம் எடுப்பதற்காக வந்தவையல்ல. 'ஸ்டோர்' எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட தண்டைச் சுழற்றி, பட்டைகள் வழியே கொழுந்தரைக்கும் உருளைகளை ஓட்டின. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக் கில்க்ஸ் நிறுவனத்தின் சுழலிகள் இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருமளவில் வந்தன. தண்ணீர் குறைந்தால் உருளை மெதுவாகச் சுற்றும், வேலை நீளும், அவ்வளவுதான். அந்த வகையில் தோட்டத்தின் முதல் இயந்திரமே மாறுவேக இயந்திரம் எனலாம். அதே தண்டில் மின்பிறப்பாக்கியைப் பூட்டியபோதுதான் வேகம் கட்டாயமாயிற்று. சுழலிக்குப் பாயும் நீரைக் கூட்டியும் குறைத்தும் சுற்றைக் காக்க 'கவர்னர்' என்னும் பொறி வந்தது. விலை கூடியது, பராமரிப்பும் கூடியது.

நுவரெலியாவில் 1912இல் பிளக்பூல் சிறு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, நாட்டின் நீர்வலுவைப் பற்றிய தம் ஆய்வுரையை இலங்கைப் பொறியியற் சங்கத்தில் முன்வைத்தார். அவர் கனவு கண்ட லக்சபான நீர்மின் நிலையம் 1950இல்தான் மின் தந்தது. தேசிய மின்வலை மலையேறி வந்தபின் தோட்டத்துச் சுழலிகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் தோட்டங்கள் அரசிடம் போன காலத்தில் அவற்றைத் திருத்தும் அக்கறை மேலும் குறைந்தது. ஸ்டோரில் மின்விளக்கு எரிந்த அந்தப் பல பத்தாண்டுகளிலும் பக்கத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான் எரிந்தது. தொழில்நுட்ப வரலாறு இதைத் தாண்டிப்போய்விடுகிறது. மின்சாரத் தேவை என்று அன்று கணக்கிடப்பட்டது தொழிற்சாலையின் தேவை மட்டுமே என்பதை இங்கே பதிவுசெய்வது அவசியம்.

சிறு நீர்மின்னாக்கத்தின் மறுமலர்ச்சிக்கு வழிவிட்டது மலிவான ஒரு தந்திரம். சாதாரணத் தூண்டல் மோட்டாரையே கொள்ளளவிகளின் துணையோடு மின்பிறப்பாக்கியாக ஓட்டலாம். நீரை அடக்குவதற்குப் பதிலாகச் சுமையை அடக்கலாம்: வீடுகள் விளக்கை அணைத்தால், மிஞ்சிய மின்சாரத்தை ஓர் இலத்திரனியல் கட்டுப்படுத்தி வெப்பச்சுருளுக்குத் திருப்பிவிடும், சுற்று மாறாது. இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு (இன்றைய பிரக்டிகல் அக்சன்) இந்த முறையை இலங்கையில் பரப்பியது. உள்ளூர்ப் பட்டறைகளே சுழலிகளையும் கட்டுப்படுத்திகளையும் செய்யப் பழகின. மின்வலை எட்டாத கிராமங்களில் மின் நுகர்வோர் சங்கங்கள் இவ்வகை நிலையங்களைத் தாமே நடத்தின.

சிறு நீர்மின் சந்தை உண்மையில் விரிந்தது 1996க்குப் பிறகு. அந்த ஆண்டு டிக்கோயாவில் தனியார் சிறு நீர்மின் நிலையம் ஒன்று தேசிய மின்வலையோடு இணைந்தது. 10 மெகாவாட் வரையான நிலையங்களிடமிருந்து ஒரே மாதிரியான ஒப்பந்தத்தில் மின்சாரம் வாங்க இலங்கை மின்சார சபை முன்வந்தது. உலக வங்கித் திட்டங்களின் வழியே கடனும் கிடைத்தது. மழையும் சரிவும் ஒருங்கே வாய்த்த சப்ரகமுவ இதில் முன்னணிக்கு வந்தது. ஆனால் இந்த அலை மாறுவேக இயந்திரத்தைக் கொண்டுவரவில்லை. காரணம் எளிது. உயரத்திலிருந்து குழாய் வழியே விழும் நீரின் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை, அளவுதான் மாறுகிறது. தாரைகளை மூடித் திறந்தே அதைச் சமாளிக்கலாம். வேகத்தை மின்வலையே பிடித்துவைக்கிறது. மாறுவேகத்துக்கு வேண்டிய, விலை கூடிய இலத்திரனியல் மாற்றியைத் தோட்டத்து ஓடை கேட்கவில்லை.

கேட்டது காற்று. ஹம்பாந்தோட்டையில் 1999இல் நிறுவிய 3 மெகாவாட் காற்றாலை பழைய நிலைவேக வகை. மன்னார்த் தீவில் 2020இல் திறந்த 103.5 மெகாவாட் 'தம்பபவனி'யின் 30 சுழலிகளும் காற்றுக்கேற்ப வேகம் மாற்றுபவை. தமிழ்நாட்டின் முப்பந்தலிலும் இதே மாற்றம் தலைமுறை தலைமுறையாக நடந்தது. மாறுவேகக் காற்றாலைகளில் பரவிய இருபுற ஊட்டத் தூண்டல் மின்பிறப்பாக்கியில் மொத்த வலுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மட்டும் இலத்திரனியல் மாற்றிக்குள் செலுத்தினால் போதும். விலை இறங்கியதற்கு இது முக்கிய காரணம்.

சப்ரகமுவவுக்கு இந்தத் தேவை இப்போது சூரியனின் வழியே வந்திருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு தடங்கல் நாடு முழுவதையும் இருட்டாக்கியது. அந்த நேரத்தில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்தது. மின்வலையைத் தாங்கிப்பிடிக்கும் கனமான சுழல் இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. பகல் மிகுதியை நீராக மேலேற்றி வைத்து இரவில் இறக்கும் நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. நாவலப்பிட்டியையும் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவையும் சார்ந்து முன்மொழியப்பட்டுள்ள 600 மெகாவாட் மஹா ஓயாத் திட்டம் அத்தகையது.

இங்கேதான் வேகம் மீண்டும் முக்கியமாகிறது. தமிழ்நாட்டு ஆனைமலையின் காடம்பாறை போன்ற நிலைவேக நிலையத்தில் பம்பு ஓடினால் முழுவலுவையும் இழுக்கும், இல்லையேல் நிற்கும், இடைநிலை கிடையாது. மேகம் மறைத்து விலகும்போது அதனால் ஈடுகொடுக்க இயலாது. ஜப்பானின் யாகிசாவாவில் 1990இல் வந்த மாறுவேக அலகு பம்பு இழுக்கும் வலுவையே கூட்டிக் குறைத்தது. உத்தரகாண்டின் தெஹ்ரியில் 250 மெகாவாட் கொண்ட நான்கு மாறுவேக அலகுகள் அமைந்துள்ளன. கூரைச் சூரியத் தகடுகள் பெருகிய சிறிய தீவொன்றின் மின்வலைக்கு நிலைவேகப் பம்பை வாங்குவது தவறாகவே முடியும் என்பது என் கணிப்பு.

மஹா ஓயாத் திட்டம் முன்மொழியப்பட்டுள்ள இதே அரநாயக்கவில் 2016 மே 17 அன்று மலை சரிந்து குடியிருப்புகளை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். மேல் நீர்த்தேக்கத்துக்கும் சுரங்கத்துக்கும் அளவெடுப்பவர்கள், சரிவுக்குக் கீழே இருக்கும் கிராமத்து வீடுகளையும் தோட்டத்து லயங்களையும் முதற் கணக்கில் எழுத வேண்டும். நூறாண்டுக்கு முன் ஸ்டோருக்குச் சுழலி வாங்கியவர்களின் கணக்கில் லயம் இடம்பெறவே இல்லை.