ஆறு வார மௌனம்

இருபது வயது இளைஞன் ஒருவனிடம் ஐந்நூறு தொழிலாளரை ஒப்படைத்து, "இனி நீதான் இவர்களுக்கு மானேஜர்" என்றால் என்ன செய்வான்? அநேகமாக முதல் நாளே குரலை உயர்த்திப் பார்ப்பான். 1792-ல் மாஞ்செஸ்டரில் டிரிங்க்வாட்டர் என்பவரின் நூற்பாலைக்கு மானேஜராக வந்த ராபர்ட் ஓவன் அப்படிச் செய்யவில்லை. அவர் சேணம் தைப்பவரின் மகன். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போனவர். ஆண்டுக்கு 300 பவுன் சம்பளம் கேட்கும் துணிச்சல் மட்டும் இருந்தது!

பழைய மானேஜர் விலகிவிட்டார், சொல்லிக்கொடுக்க ஆளில்லை. காலையில் முதல் ஆளாக ஆலைக்குள் நுழைவார். இரவில் பூட்டிக்கொண்டு கடைசி ஆளாக வெளியேறுவார். ஏதாவது கேட்டால் 'ஆம்', 'இல்லை' என்பதோடு சரி. ஆறு வாரம் வரை நேரடியாக ஓர் உத்தரவுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கண்கள் மட்டும் வேலை செய்தன. பிறகுதான் பேசினார். நாளடைவில் அந்த ஆலையின் நூல் முன்னைவிட மெல்லியதாக வந்தது.

1800-ல் ஸ்காத்லாந்தின் நியூ லனார்க் ஆலைகள் அவர் பொறுப்பில் வந்தன. அங்கே மௌனம் மட்டும் போதவில்லை. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த அந்நியன், நம்மைக் கசக்கிப் பிழியத்தான் வந்திருக்கிறான் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அவர்களுக்குள் செல்வாக்குள்ளவர்களைத் தேடிப் பிடித்துத் தம் திட்டங்களைப் பொறுமையாக விளக்கினார் ஓவன்.

அவருடைய இன்னொரு யுக்தி விசித்திரமானது. ஒவ்வொருவர் பக்கத்திலும் நான்கு பட்டை கொண்ட சிறு மரக்கட்டை தொங்கும். கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று பட்டைக்கு ஒரு நிறம். நேற்றைய நடத்தை மோசமென்றால் இன்று கறுப்பு முன்பக்கம் நிற்கும். மிக நன்றென்றால் வெள்ளை. ஓவன் அந்த வழியே நடந்து போவார். கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், போய்விடுவார். திட்டு கிடையாது, அடி கிடையாது. மேற்பார்வையாளர் அநியாயமாக நிறம் வைத்தால் ஓவனிடமே முறையிடலாம். மேற்பார்வையாளர்களுக்கும் கட்டை உண்டு. ஓவனுக்கு மட்டும் இல்லை! எனக்கு இந்த ஏற்பாட்டில் முழுத் திருப்தியில்லை. ஊரறிய நிறம் சூட்டுவதும் ஒருவகைத் தண்டனைதானே? ஆனாலும், பிரம்பு சர்வசாதாரணமாயிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஜனங்களின் சந்தேகம் தீரவில்லை. அமெரிக்கா கப்பல் போக்குவரத்துக்குத் தடை விதித்து, பஞ்சு விலை எக்கச்சக்கமாக ஏறியது. மற்ற ஆலைக்காரர்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. நான்கு மாதம், இயந்திரங்களைத் துடைத்து வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவர்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்தார். செலவு 7,000 பவுனுக்கு மேல். அன்றுதான் ஊர் அவர் பக்கம் திரும்பியது.

பங்காளிகள் திரும்பவில்லை. பள்ளிக்கூடம், குழந்தைகள் என்று அவர் பணத்தை இறைப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1813-ன் கடைசியில் ஆலை ஏலத்துக்கு வந்தது. ஓவன் புதிய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1,14,100 பவுனுக்கு அதை எடுத்தார். அவர் ஊர் திரும்பியபோது ஜனங்கள் வழிமறித்து வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துப் போனார்கள்.