டீவி கேம் காலத்திலிருந்து ரீலோட் காசு வரை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் ஒரு வாப்பா எம்மைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். தரம் 8இல் படிக்கும் மகனின் போனைக் கையில் வைத்திருந்தார். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த காசில் ரீலோட் போட்டு, அதை ஒரு போன் கேமில் 'ஸ்பின்' சுற்றியே மகன் முடித்துவிட்டான். கடைசி ஸ்பின்னில் கிடைத்தது ஒரு துப்பாக்கிக்குப் பூசும் நிறம். துப்பாக்கிகூட இல்லை, அதன் நிறம் மட்டும். "சேர், இந்தக் கேம் என்ற சாமானையே ஊரை விட்டு ஒழிக்கணும். நீங்க பள்ளியில ஒருக்கா சொல்லுங்க" என்றார்.

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பாடசாலை கேட்டைத் தாண்டித் தேத்தண்ணிக் கடைக்கு வந்ததும் அவர் எமக்குச் 'சேர்' சொல்பவர் அல்ல, 'மச்சான்' சொல்பவர். 90களின் கடைசியில் பசார் வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டில், பத்து ரூபாவுக்கு அரை மணி என்று டீவி கேம் விளையாடியபோது, எம் கையிலிருந்த கொன்ட்ரோலரைப் பறித்தவர் இவரேதான். அதை நினைவுபடுத்தினோம். சிரித்தார். "அது வேற மச்சான், இது வேற" என்றார்.

எப்படி வேறு? அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

அந்தச் சாமானைப் பலருக்கு ஞாபகமிருக்கும். வெள்ளையும் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மேலே கேசட் செருகும் வாய், பக்கத்துக்கு ஒரு கொன்ட்ரோலர். டீவியின் அன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இதன் வயரைக் குத்தி, சேனலைத் திருகித் திருகிப் படம் தெளியும்வரை தேட வேண்டும். கேசட் வேலை செய்யாவிட்டால் ஊதுவோம். ஊதினால் சரிவரும் என்பது அந்தக் காலத்து ஈமான்! உண்மையில் கழற்றித் திரும்பச் செருகியதுதான் சரிசெய்தது. எச்சில் ஈரம் கேசட்டின் செப்பு முனைகளைக் கெடுத்ததுதான் மிச்சம். தோட்டப்புறத்தில் பல லயங்களுக்கு அப்போது கரண்டே இல்லை. கார் பட்டரியில் கறுப்பு வெள்ளை டீவி பார்த்த காலம். அதனால் பசறை, ஸ்பிரிங்வெலிப் பக்கத்துப் பிள்ளைகள் சம்பள நாளில் தாய் தகப்பனோடு டவுனுக்கு வரும்போது, அந்த வீட்டு ஜன்னலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். காசு கொடுத்து விளையாடியவர்களைவிட ஜன்னலில் நின்றவர்களுக்குத்தான் எந்தக் குழிக்குள் எப்போது பாய வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பெட்டியின் வம்சாவளி ஜப்பானுக்குப் போகிறது. அங்கே நின்டெண்டோ என்ற கம்பனி 1983 ஜூலையில் 'ஃபமிகொம்' என்ற கன்சோலை வெளியிட்டது. மசாயுகி உஎமுரா என்ற பொறியியலாளரின் தலைமையில் செய்யப்பட்டது. எங்கள் வீடுகளுக்கு வந்தது அது அல்ல, அதன் நகல். தாய்வானில் யுஎம்சி போன்ற கம்பனிகள் ஃபமிகொமின் சிப்களைப் போலவே வேறு சிப்கள் செய்தன. பின்னர் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பசைச் சொட்டு ஒன்றை விட்டு மூடி, சீனாவிலிருந்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். பழுதான டீவி கேமைக் கழற்றிய ரேடியோ திருத்தும் நானா ஒருவர், உள்ளே ஒரு கறுப்புச் சொட்டைத் தவிர ஒன்றுமில்லாததைப் பார்த்து "இதில நான் எதத் தம்பி திருத்துற?" என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

நகல் என்றாலும் அதற்கு ஓர் உள்ளூர்க் குணம் வந்துவிட்டது. எமது நாட்டு டீவி 'பால்' முறை. ஒரு செக்கனுக்கு 50 தடவை படம் மாறும். ஜப்பானில் 60. கேமின் ஓட்டம் இந்தப் பட எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்ததால், பால் முறைக்கென்று செய்யப்பட்ட நகல்களில் எல்லாமே ஆறிலொரு பங்கு மெதுவாக ஓடின. மேரியோவின் பாட்டும்கூட. ஜப்பானியப் பிள்ளை கேட்ட பாட்டை நாம் கேட்கவில்லை.

இரண்டாவது கொன்ட்ரோலரில் ஸ்டார்ட் பட்டன் இல்லாதிருந்ததைத் தம்பிமார் மறந்திருக்க மாட்டார்கள். அது பழுதல்ல. அசல் ஃபமிகொமிலும் அப்படித்தான்; அங்கே இரண்டாவது கொன்ட்ரோலரில் ஸ்டார்ட் பட்டனுக்குப் பதிலாக ஒரு சின்ன மைக் இருந்தது. நகல் செய்தவர்கள் மைக்கை விட்டுவிட்டு, பட்டன் இல்லாமையை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காரணம் தெரியாமல் பிரதி எடுத்தால் இப்படித்தான் ஆகும். பரீட்சைத் தாள் திருத்தும்போது இது அடிக்கடி எமக்கு ஞாபகம் வரும்.

கொன்ட்ரோலரின் இடப்பக்கத்தில் இருந்த சிலுவை போன்ற பட்டனுக்கும் ஒரு கதை உண்டு. நின்டெண்டோ 1889இல் கியோட்டோவில் 'ஹனஃபுடா' என்ற பூப்படச் சீட்டுச் செய்யத் தொடங்கிய கம்பனி. அந்தச் சீட்டுகளை வைத்து ஜப்பானில் பெரும் சூதாட்டம் நடந்தது. இதைப் பிறகு பேசுவோம். 1965இல் அங்கே சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்குச் சேர்ந்தவர் குன்பே யொகோய். ரயிலில் ஒருவர் அலுப்பில் கல்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கையடக்கக் கேம் ஒன்றைச் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1980இல் 'கேம் அன்ட் வொட்ச்' வந்தது. 1982இல் அதே வரிசையில் 'டொன்கி கொங்' வந்தபோது, மடித்துப் பையில் போடும் பெட்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடி வைக்க முடியாது என்பதால், பெருவிரலால் நான்கு பக்கமும் அமுக்கும் தட்டையான பட்டனைச் சேர்த்தார்கள். அடுத்த வருடம் அது ஃபமிகொமுக்குப் போனது. இன்று எந்தக் கொன்ட்ரோலரை எடுத்தாலும் அதன் வாரிசு இருக்கும். யொகோயின் கொள்கை எமக்கு மிகவும் பிடித்தமானது: புதிய, விலைகூடிய தொழில்நுட்பத்தைத் தேடி ஓடாதே, எல்லோரும் அலுத்துப்போன மலிவான பொருளை எடுத்து யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து. பதுளையில் பழைய சைக்கிள் டியூபில் எத்தனை சாமான் செய்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

வாத்துச் சுடும் துப்பாக்கியையும் சொல்லியே ஆக வேண்டும். 'டக் ஹன்ட்'. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போவதில்லை. அதற்குள் இருந்தது ஓர் ஒளி உணரும் கண். விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். கண் கறுப்பையும் பிறகு வெள்ளையையும் கண்டால் வாத்து விழும். அந்தக் கறுப்புக் கணம் ஏன்? களவைப் பிடிக்க! துப்பாக்கியை எரியும் பல்புக்கு நேரே பிடித்தால், திரை கறுப்பாக இருக்க வேண்டிய நேரத்திலும் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், கள்ளன் பிடிபட்டான். நாம் பல்புக்கு நேரே பிடித்துப் பிடித்துத் தோற்றதன் காரணம் எமக்கு இருபது வருடம் கழித்துத்தான் விளங்கியது. இன்றைய தட்டை டீவியில் படம் சற்றுப் பிந்தி வருவதால் அந்தத் துப்பாக்கி அதில் வேலை செய்யாது.

1985இல் வந்த 'சுப்பர் மேரியோ' முழுவதும் 40 கிலோபைட். இன்று வட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரிது. இடம் போதாததால் வானத்து மேகத்தையும் தரையில் உள்ள பற்றையையும் ஒரே படமாக வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். ஆசிரியர் என்ற வகையில் எமக்குப் பெரிய விடயம் அதன் முதல் கட்டம்தான். ஷிகெரு மியாமொதோவும் தகாஷி தெசுகாவும் அமைத்தது. எழுத்தில் ஒரு விளக்கமும் இல்லை. வலப்பக்கம் வெறுமையாக இருப்பதால் அங்கே போகிறோம். எதிரே ஒன்று வருகிறது, முட்டிச் சாகிறோம், அடுத்த தடவை பாய்கிறோம். பாயும்போது தலை கட்டையில் முட்டிக் காளான் வெளியே வருகிறது. அது ஓடி, குழாயில் மோதித் திரும்பி எம்மிடமே வருகிறது; தப்ப நினைத்தாலும் அநேகமாக எம்மில் படும். பட்டதும் பெரிதாகிறோம். ஓ, இது நல்ல சாமான்! ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாத பதுளைப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் பாடம் முடிந்தது. ஆசிரியர் கலாசாலையில் 'கண்டறிந்து கற்றல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். இதைவிட நல்ல உதாரணம் எவரும் தரவில்லை.

இனி அந்த வாப்பாவின் கேள்விக்கு வருவோம்.

வீடியோ கேமின் வரலாற்றில் காசு ஆரம்பத்திலேயே இருந்தது. ரல்ஃப் பேர் என்பவரின் யோசனையில் பிறந்த முதல் வீட்டுக் கன்சோல் 'ஒடிஸி' 1972இல் அமெரிக்காவில் வந்தது. அதற்குச் சத்தம்கூட இல்லை, டீவித் திரையில் நிறப் பிளாஸ்டிக் தாளை ஒட்டி விளையாட வேண்டும். அதே வருடம் அடாரி கம்பனி 'பொங்' என்ற கேமை, காசு போடும் பெட்டியாகச் செய்து கலிபோர்னியாவில் ஒரு கடையில் வைத்தது. சில நாட்களில் பெட்டி நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. திறந்து பார்த்தால் பழுதில்லை. காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்திருந்தது. அந்த நாளிலிருந்து காசுப் பெட்டிக் கேம்களின் அமைப்பே காசை நோக்கியதாகிவிட்டது: விளையாடுபவன் சில நிமிடத்தில் சாக வேண்டும், ஆனால் இன்னும் ஒரு தடவை முயன்றால் வெல்லலாம் என்றும் தோன்ற வேண்டும்.

வீட்டுக் கன்சோல்தான் அந்தக் காசு ஓட்டையை அடைத்தது. 1976இல் ஃபெயார்சைல்ட் கம்பனியில் ஜெரி லோசன் என்ற கறுப்பினப் பொறியியலாளரின் குழு, கேமை மாற்றிமாற்றிச் செருகும் கேசட்டோடு ஒரு கன்சோலைச் செய்தது. ஒருதரம் வாங்கினால் முடிந்தது. விளையாடுபவன் நீண்ட நேரம் உயிரோடிருப்பதில் இப்போது எவருக்கும் நட்டமில்லை. அதனால் கேம்களின் குணமே மாறியது. 1986இல் வந்த 'செல்டா'வில் விட்ட இடத்தைச் சேமித்து வைத்து, அடுத்த நாள் தொடரலாம். சுற்றிப் பார்க்கலாம், தொலைந்து போகலாம். எம்மில் பலருக்கு மனப்பாடமாக இருந்த 'மேலே மேலே கீழே கீழே இடம் வலம் இடம் வலம் பி ஏ' என்பதும் இந்தத் தாராளத்தின் பிள்ளைதான். கொனாமி கம்பனியின் கசுஹிசா ஹஷிமொதோ, 'கிராடியஸ்' கேமை ஃபமிகொமுக்கு மாற்றும்போது, அது தன்னால் விளையாடி முடிக்க முடியாதளவு கஷ்டமாக இருந்ததால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. பிறகு 'கொன்ட்ரா'வில் அதே வரிசை 30 உயிர் தந்தது. காசுப் பெட்டிக்காரன் இலவசமாக 30 உயிர் தருவானா?

நாம் பத்து ரூபா கொடுத்தோமே என்பீர்கள். கொடுத்தது டீவிக்கும் கதிரைக்கும். கேமுக்குள் எமது காசு போகவில்லை; தோற்றாலும் வென்றாலும் அரை மணிதான்.

போன் கேம்களில் நடந்தது என்னவென்றால், அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்தார்கள். 'இலவசம்' என்று தந்துவிட்டு, உள்ளே பெட்டியும் சக்கரமும் வைத்தார்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு போடுவது, கிடைக்காவிட்டால் திரும்பவும் போடுவது. இது எமது ஊர்ப் பயம் மட்டுமல்ல. 2012இல் ஜப்பானிய அரசே இப்படிப்பட்ட சுற்றுகளில் ஒரு மோசமான வகையைச் சட்டவிரோதம் என்றது. 2018இல் பெல்ஜியம் காசு கொடுத்து வாங்கும் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டமாகவே கணித்தது. சூது ஹராம் என்பதில் எம்மில் எவருக்கும் சந்தேகமில்லை. தனித்தனிக் கேம்களின் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம். பூச்சீட்டுக் கம்பனி விளையாட்டுப் பக்கம் வந்தது, விளையாட்டு திரும்பவும் சீட்டுப் பக்கம் போய்விட்டது. அந்த வாப்பா 'அது வேற, இது வேற' என்றாரே, அவர் தன்னையறியாமல் வரலாற்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் 'ஒழிக்கணும்' என்பதில் எமக்கு உடன்பாடில்லை. 2023இல் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. கனடாவில் விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. துப்பாக்கி இல்லை, ஸ்பின் இல்லை. டொரொன்டோவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், தன் உம்மாவின் கிழிந்த சமையல் கொப்பியைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்கிறாள். எழுத்து அழிந்த இடத்தில் அடுத்து என்ன என்று நாமே யோசிக்க வேண்டும். மகன் மெதுமெதுவாகத் தமிழை விட்டுப் போகிறான். 2024இல் பிரித்தானியாவின் பஃப்டா விருதில் சிறந்த அறிமுகக் கேம் இதுதான். புட்டுக் குழலை வைத்து உலக விருது! எமது உம்மாமாரின் அடுக்களையில் இல்லாத எதுவும் அதில் இல்லை.

அந்த மகனிடம் போனைத் திரும்பக் கொடுக்கவில்லை. ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி கொடுத்தோம். ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டம், எழுத்தில் விளக்கம் கூடாது, நாம் விரலை வைத்து விளையாடிப் பார்ப்போம் என்றோம். முதல் நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். போன வாரம் தெமோதரை வளைவை வரைந்து வந்தான். ரயில் ஸ்டேஷனில் தொடங்கி மலையைச் சுற்றி இறங்கி, சுரங்கத்துக்குள் நுழைந்து, தொடங்கிய இடத்துக்கு நேர் கீழேயே வெளியே வருகிறது. நாம் மேலேயே நின்று வழி தேடிக்கொண்டிருந்தோம். "சேர், ஒருக்கா சாவுங்க, அப்பதான் விளங்கும்" என்றான். மூன்று தடவை செத்துவிட்டோம். இரண்டாம் பக்கத்துக்கு இன்னும் போகவில்லை.