தாய்க்கு ஒரு மாத்திரை, சேய்க்குச் சில சொட்டு



மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் ஆண்டவர்முன் முழந்தாள்படியிடுகிறார். இயேசு கையை நீட்டி அவரைத் தொட்டது நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இதை எவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கண்டிப்பாகக் கூறி அவரை அனுப்பியதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. டிசம்பர் முதல் நாள் உலக எய்ட்ஸ் தினம். அதை முன்னிட்டு, இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது 1986-இல் சென்னையில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். தம் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, இரவு இரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இது யாரோ சிலருடைய நோய் என்று நாம் அன்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். கணவரைத் தவிர வேறு எவரையும் அறியாத கர்ப்பிணிகளுக்கும் அது வந்திருப்பது பிறகு தெரிந்தது.

சிகிச்சை இல்லாவிட்டால் கிருமியுள்ள நூறு தாய்மாரின் குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்கு அது தொற்றும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் தாய்க்கும், பிறந்தபின் ஆறு வாரம் குழந்தைக்கும் ஏ.இசட்.டி. மருந்து கொடுத்தால் தொற்று மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று 1994-இல் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை, பிரசவ நேரத்தில் நரம்பு வழியே மருந்து, பெருஞ்செலவு. ஏழை நாட்டுப் பிரசவ விடுதிக்கு அது எட்டுமா?

1999-இல் உகாண்டாவின் கம்பாலா நகரிலிருந்து பதில் வந்தது. முலாகோ மருத்துவமனையில் நடந்த ஆய்வில், வலி தொடங்கியதும் தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரையும், பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்குச் சில சொட்டுகளும் தந்தார்கள். குறுகிய கால ஏ.இசட்.டி. பெற்ற குழுவில் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 25 பேருக்குத் தொற்று. நெவிரபின் குழுவில் 13 பேருக்கு. ஊசியோ டிரிப்போ வேண்டாம், மருத்துவச்சியே கொடுத்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் கண்டது கிராமத்துச் செவிலியரின் கைக்கு வந்துசேர்ந்தது.

அந்த ஒற்றை மாத்திரைக்கும் குறை இருந்தது. கிருமி மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. ஆகவே தாய்க்கு வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து என்ற முறை வந்தது. இந்தியாவில் 2014 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அதுதான். முறையாக எடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். சென்னையும் பங்குபெற்ற ஒன்பது நாட்டு ஆய்வொன்று, உடனே சிகிச்சை தொடங்கினால் வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் காட்டியது.

மருந்து இலவசம்தான். ஆனாலும் சொந்த ஊர் மருத்துவமனையைத் தாண்டி, பேருந்து ஏறி அடுத்த ஊருக்குப் போய் மாத்திரை வாங்கும் தாய்மார் உண்டு. காரணம் நாம். செவிலியர் ஒரே வீட்டுக்கு அடிக்கடி போனால் தெரு கணக்குப் போட்டுவிடும். அதனால் விவரம் அறிந்த செவிலியர் பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடையையும் பார்த்துவிட்டே திரும்புவார். ஞானஸ்நான விருந்தில் நாம் அன்பாகத்தான் கேட்கிறோம், “பிள்ளைக்கு ஆறு வாரமா என்ன மருந்து கொடுக்கிறீங்க?” என்று. அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு வேளை மருந்து தவறிப்போகலாம்.

நம்பிக்கையின்பேரில் அறிந்த ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. குழந்தைக்கு ஆறாம் வாரத்தில் முதல் சோதனை. இறுதி முடிவு 18-ஆம் மாதத்தில். அதுவரை அந்தத் தாய் ஞாயிறுதோறும் நம் பக்கத்து இருக்கையில்தான் முழந்தாள்படியிட்டிருப்பார்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். கட்டணமில்லா உதவி எண் 1097.