நெய்யாற்றங்கரையில் ஊர் சுற்றிப் படித்தவர்கள்

இங்கே நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது ஒரு புதுப்பேச்சு. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஒரு வருடம் நிறுத்திவிட்டு, மூன்று மாதம் ஒரு நாடு, அடுத்த மூன்று மாதம் இன்னொரு நாடு என்று போவது. கூடவே ஒன்றிரண்டு ஆசிரியர்கள். சந்தையில் கணக்கு, கோட்டையில் சரித்திரம், கடற்கரையில் அறிவியல். 'வேர்ல்ட்ஸ்கூலிங்' என்று பெயராம்.

கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ நேற்றைக்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சமாச்சாரம் மாதிரிப் பேசுகிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பே இப்படி ஊர் ஊராகப் போய்ப் படித்தவர்கள் உண்டு. அவர்கள் ஏன் போனார்கள், போய் என்ன கொண்டு வந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் நம் பேச்சு கொஞ்சம் நிதானப்படும்.

எங்கள் ஊர் கள்ளிக்காடு. நெய்யாறு அணைக்குப் பக்கம். அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு எங்களைத் தாண்டி அருவிப்புறம், நெய்யாற்றின்கரை வழியாகக் கடலுக்குப் போகிறது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. அதனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இன்றும் அடுக்களையில் ஒரு மொழி, வகுப்பறையில் ஒரு மொழி. எங்களுக்கு எல்லை தாண்டிப் படிப்பது ஒன்றும் புதுசில்லை பாத்துக்கிடுங்க.

முதலில் சட்டம்பி சுவாமிகள். 1853-ல் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் ஏழை வீட்டில் பிறந்தவர். பேட்டை ராமன்பிள்ளை ஆசானின் பள்ளியில் படித்தபோது ஆசான் இவரைச் சட்டாம்பிள்ளையாக வைத்தார். ஆமாம், நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளியில் மற்ற பிள்ளைகளை மேய்ப்பானே, அதே சட்டாம்பிள்ளைதான்! அதுவே மலையாளத்தில் 'சட்டம்பி' ஆகிப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சுவாமிநாத தேசிகரிடம் தமிழ் படித்தார். அரண்மனை நவராத்திரி வித்வத் சபைக்கு வந்திருந்த சுப்பா ஜடாபாடிகள் இவருடைய ஆர்வத்தைப் பார்த்து, தன்னோடு கல்லிடைக்குறிச்சிக்கே அழைத்துப் போய்விட்டார். தாமிரபரணிக் கரையில் சுமார் நான்கு வருடம் வாசம். வேதாந்தமும் சம்ஸ்கிருதமும் அங்கே கற்றதுதான்.

அடுத்து நாராயண குரு. 1856-ல் செம்பழந்தியில் ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர். மேல்படிப்புக்குக் காயங்குளம் பக்கம் போனார். வீட்டிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கும்மம்பள்ளி ராமன்பிள்ளை ஆசானிடம் பாடம். தங்கல் வாரணப்பள்ளி என்ற பெரிய வீட்டில். அந்தக் குடும்பத்தார் வெளியூர்ப் பிள்ளைகள் பலரைத் தங்க வைத்துச் சோறு போட்டார்கள். இன்றைக்கு நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறோம் என்கிறார்களே, அதை ஒரே குடும்பம் செய்தது. பிறகு ஊர் ஊராக அலைந்தார், மருத்துவாமலைக் குகையில் தவம் இருந்தார், தமிழ் நூல்களில் தோய்ந்தார். தமிழில் பதிகங்கள் எழுதினார். திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தார். 1888 சிவராத்திரியன்று எங்கள் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அருவிப்புறத்தில் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் ஒருவர் சிவப் பிரதிஷ்டை செய்வது அன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

அந்த அருவிப்புறத்துக்கு வந்து சேர்ந்த சீடர்களில் ஒருவர் குமாரன் ஆசான். பிற்காலத்தில் மலையாளத்தின் மகாகவி. 1895-ல் குரு அவரை பெங்களூருக்குக் கூட்டிப்போய் டாக்டர் பல்புவிடம் ஒப்படைத்தார். பல்பு யாரென்றால், நம்மை மாதிரி வெளியூரில் பிழைத்த ஒரு ப்ரொஃபஷனல்! ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க இடம் இல்லை. சென்னை போய்ப் படித்து வந்தார். அப்போதும் சொந்த ஊரில் வேலை இல்லை. மைசூர் அரசு வேலை கொடுத்தது. அவர் செலவில்தான் ஆசான் பெங்களூர், சென்னை, கல்கத்தா என்று சுற்றி சம்ஸ்கிருதமும் இங்கிலீஷும் கற்று 1900-ல் அருவிப்புறத்துக்குத் திரும்பினார். 1903-ல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தொடங்கியபோது குரு தலைவர், ஆசான் செயலாளர்.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது?

ஒன்று, இவர்கள் எங்கும் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆள் இருந்தார். சோறு போட ஒரு வீடு, குறை சொல்லித் திருத்த ஓர் ஆசான். இரண்டு, மூன்று மாதத்தில் மூட்டை கட்டவில்லை. கல்லிடைக்குறிச்சியில் நான்கு வருடம், பெங்களூரில் மூன்று வருடம். ஒரு பாஷை நாக்கில் ஏறுவதற்கு அவ்வளவு நாளாகும். மூன்று, திரும்பி வந்தார்கள். கற்றதை ஊருக்குக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் கதை பாதிதான். பல்புவும் அவர் தயவில் படித்தவர்களும் உள்ளூர்க் கதவு சாத்தியிருந்ததால் வெளியே போனவர்கள். வெளியே போகக்கூட வழியில்லாதவர்கள் கதி என்ன? கள்ளிக்காட்டிலிருந்து காட்டாக்கடை தாண்டினால் ஊரூட்டம்பலம். வெங்ஙானூரில் 1863-ல் பிறந்த அய்யன்காளி, புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி விவசாயக் கூலிகளை வேலைநிறுத்தம் செய்ய வைத்தவர். அரசாங்கம் உத்தரவு போட்ட பிறகும் ஊர் விடவில்லை. 1910களில் அவர் பஞ்சமி என்ற சிறுமியைக் கையோடு அழைத்துப்போய் ஊரூட்டம்பலம் பள்ளி வகுப்பில் உட்கார வைத்தார். ஆதிக்க சாதியினர் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். ஒரு குழந்தை ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததற்காக ஒரு பள்ளிக்கூடம் எரிந்தது.

அதனால்தான், "நாலு சுவருக்குள்ளே என்ன படிப்பு இருக்கு?" என்று நம்மவர்கள் சுலபமாகச் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்கிறது. அந்த நாலு சுவருக்குள் நுழைய எங்கள் மண்ணில் ஒரு தலைமுறை அடி வாங்கியிருக்கிறது. நமக்குப் பள்ளி அலுத்துப்போகிற அளவுக்கு அது கிடைத்திருக்கிறது என்பதே அவர்கள் சம்பாதித்துக் கொடுத்த சொத்து.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். போகுமுன் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனி மாதிரி சில நாடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும். ஐந்து நாட்டுக்குப் பதில் ஒரே ஊரில் ஒரு வருடம் தங்க முடியுமா என்று யோசியுங்கள். அந்த ஊர் பாளையங்கோட்டையாகவோ யாழ்ப்பாணமாகவோ இருந்தால் பிள்ளை தமிழையும் பிடித்துக்கொள்ளும். தங்கும் இடத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு விளையாட்டும் உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் பாடமும் இருக்கட்டும். நம்ம நாலு குடும்பம் மட்டுமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் அது டூர்தான். திரும்பி வந்த பிறகு, கற்றதில் ஏதாவது ஒன்றைப் போக வசதியில்லாத பத்துப் பிள்ளைகளுக்கு உங்கள் பிள்ளை சொல்லிக்கொடுக்கட்டும். அருவிப்புறத்துக்குத் திரும்பி வந்த ஆசான் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.