62 வயதில் அப்பா சைக்கிள் கேட்கிறார்... வாங்கித் தரலாமா? தரவுகள் சொல்வது என்ன?

போன தீபாவளிக்கு என்ன வேணும் என்று அப்பாவிடம் கேட்டேன். வழக்கமாக 'ஒண்ணும் வேண்டாம், ஒரு வேட்டி எடு போதும்' என்பார். இந்த முறை கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு சைக்கிள் வாங்கிக் குடேன்" என்றார்.

அவருக்கு 62 வயது. தினமும் ஒரு பிபி மாத்திரை. ரிட்டயர் ஆனதும் எங்களோடு பெங்களூருக்கு வந்துவிட்டார். கடைசியாக அவர் சைக்கிள் மிதித்தது கல்யாணத்துக்கு முன்னால். மொபெட் வாங்கிய அன்று மாடிப்படிக்கு அடியில் போன சைக்கிள், பிறகு பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. "இந்த டிராஃபிக்லயாப்பா? விழுந்து வெச்சா யார் பார்க்கறது?" இதுதான் என் முதல் பதில். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அதுதான் உறுத்தியது.

நான் வேலையாகச் செய்வதே எண்களைப் பார்ப்பது. அப்பாவுக்கு மறுத்தது பயத்தினாலா, காரணத்தோடா என்று பார்க்கலாமே என உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் அறுபதைத் தொட்ட ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால், அல்லது கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தால், இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

சைக்கிள் நம் நாட்டை விட்டுப் போய்விட்டதா?

இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (5-வது சுற்று) இந்தியாவில் சரிபாதி வீடுகளில், அதாவது 50.4 சதவீத வீடுகளில், சைக்கிள் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 78.9 சதவீதம், உத்தரப் பிரதேசத்தில் 75.6 சதவீதம். மலை மாநிலமான நாகாலாந்தில் வெறும் 5.5.

ஆனால் வீட்டில் இருப்பது வேறு, அதில் ஏறுவது யார் என்பது வேறு. 2001, 2011 என இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்தப் பத்து வருஷத்தில் சைக்கிள் உள்ள வீடுகள் 43.7-லிருந்து 44.8 சதவீதமாக மட்டுமே கூடின. டூவீலர் உள்ள வீடுகளோ 11.7-லிருந்து 21 சதவீதமானது. நம் அப்பாக்களின் தலைமுறை சைக்கிளை விட்டு இறங்கியது முழங்கால் வலியால் அல்ல. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது, இறங்கினார்கள். சைக்கிள் என்பது வசதி இல்லாதவர் வண்டி என்ற எண்ணமும் அப்போது சேர்ந்தே வந்தது.

கொரோனா காலத்தில் அது கொஞ்சம் தலைகீழானது. 2020 மே முதல் செப்டம்பர் வரை ஐந்தே மாதத்தில் நாட்டில் 41.8 லட்சம் சைக்கிள்கள் விற்றதாகத் தயாரிப்பாளர்கள் சங்கம் கணக்குச் சொன்னது. மே மாதத்தில் 4.5 லட்சம், செப்டம்பரில் 11 லட்சத்துக்கும் மேல். ஜிம் மூடியிருந்தது, பஸ் ஏற பயம். பலர் மறுபடி சைக்கிளைத் தேடியது அப்போதுதான்.

சரி, இந்த வயசுல உடம்பு தாங்குமா?

முதலில், சும்மா இருந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. 2000-ல் இது 22 சதவீதம்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம், மிதமான உழைப்பு. 65 தாண்டியவர்களுக்கும் அதே அளவுதான். கூடவே வாரத்தில் மூன்று நாள் உடம்பின் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. மெதுவாக சைக்கிள் மிதித்தாலே அந்த 'மிதமான' கணக்கில் வந்துவிடும். சாதாரண நடையைவிட ஒரு படி மேல், ஆனால் உடம்பு எடையை முழங்கால் சுமப்பதில்லை; சீட் சுமக்கிறது.

சைக்கிள்-முதுமை பற்றி இணையத்தில் அதிகம் பகிரப்படுவது 2018-ல் லண்டன் கிங்ஸ் காலேஜும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு. 55 முதல் 79 வயதுள்ள 125 பேர், பல வருஷமாக விடாமல் சைக்கிள் ஓட்டுபவர்கள். அவர்களின் தசை தளரவில்லை. நோய் எதிர்ப்புக்கு வேண்டிய டி-செல்களை இளைஞர்களுக்கு இணையாக அவர்கள் உடல் உற்பத்தி செய்துகொண்டிருந்தது. 'சைக்கிள் ஓட்டினா வயசாகாது' என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஃபார்வர்டு இதிலிருந்து பிறந்ததுதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தணும். அந்த ஆய்வில் சேர ஆண்களுக்கு ஒரு தகுதி வைத்திருந்தார்கள்: 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும். பெண்களுக்கு 60 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். இப்படி வடிகட்டி எடுத்தவர்கள் ஆரோக்கியமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சைக்கிள் அவர்களை ஆரோக்கியமாக வைத்ததா, ஆரோக்கியமாக இருந்ததால் சைக்கிளை விடவில்லையா? இரண்டும் கலந்திருக்கலாம். முப்பது வருஷம் கழித்து மறுபடி ஏறும் என் அப்பாவுக்கு இந்த ஆய்வு நேரடி பதில் அல்ல.

நேரடி பதிலுக்கு அருகில் வருவது இன்னொன்று. இங்கிலாந்தில் ரெடிங், ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் 50 முதல் 83 வயது வரையிலான 100 பேரை எடுத்தார்கள். சமீப வருஷங்களில் சைக்கிளே தொடாதவர்கள். ஒரு குழுவுக்கு சாதா சைக்கிள், இன்னொரு குழுவுக்கு பேட்டரி உதவியுள்ள இ-சைக்கிள், மூன்றாவது குழு வழக்கம்போல் இருந்தது. வாரம் மூன்று முறை, தலா அரை மணி நேரம், எட்டு வாரம். 2019-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் முடிவு வெளியானது. சைக்கிள் ஓட்டிய இரண்டு குழுவுக்குமே கவனத்தைக் கட்டுப்படுத்தும் மூளைத்திறன் சோதனைகளில் முன்னேற்றம் இருந்தது. மனநலத்தில் கூடுதல் பலன் தெரிந்தது, கஷ்டப்பட்டு மிதித்தவர்களிடம் இல்லை, இ-சைக்கிள் குழுவிடம்! வெளியே போய் நாலு இடம் பார்த்து வருவதே உழைப்பின் அளவுக்கு முக்கியம்போல. சின்ன ஆய்வுதான், இதை வைத்து பெரிய முடிவு எடுக்க முடியாது. ஆனால் எனக்கு அப்பா கேட்ட கேள்வியின் அர்த்தம் இதில்தான் புரிந்தது. அவர் உடற்பயிற்சிக் கருவி கேட்கவில்லை. அபார்ட்மென்ட் கேட்டுக்கு வெளியே யார் துணையும் இல்லாமல் போய்வர ஒரு வழி கேட்டிருக்கிறார்.

முழங்கால் பயம் நம் வீடுகளில் நிறைய. அமெரிக்காவில் 2,600 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. வாழ்நாளில் எப்போதாவது சைக்கிள் பழக்கம் இருந்தவர்களுக்கு முழங்கால் வலி வரும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. இதுவும் 'தொடர்பு' மட்டுமே, காரணம் என்று சொல்லிவிட முடியாது. சைக்கிள் முழங்காலைத் தேய்க்கும் என்ற பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

ராபர்ட் மார்ஷான் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. பிரான்ஸ்காரர். இளவயதில் சைக்கிளை விட்டுவிட்டு, அறுபதைக் கடந்தபிறகு மறுபடி ஏறினார். 100 வயதில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 102 வயதில் 26.927 கிலோமீட்டர். ஆமாம், கூடியது! இடையில் அவரைப் பரிசோதித்த உடலியல் விஞ்ஞானிகள், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 13 சதவீதம் உயர்ந்ததைப் பதிவு செய்தார்கள். 2021-ல் 109 வயதில் காலமானார். ஒரு மனிதரை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் படிக்கும்போது ஒரு சந்தோஷம்.

சைக்கிள் செய்யாத வேலை

எலும்புக்கு இதனால் பெரிய நன்மை கிடையாது. எலும்பு உறுதியாக, உடம்பின் எடை காலில் இறங்க வேண்டும். அதற்கு நடை, மாடிப்படி, லேசான எடை தூக்குதல்தான் வழி. சைக்கிள் வந்துவிட்டது என்று காலை நடையை நிறுத்தினால் ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விட்ட கதையாகிவிடும்.

அடுத்தது, 'சைக்கிளும் நீச்சலும் ஒருமுறை கத்துக்கிட்டா மறக்காது' என்பது. பாதி உண்மை. ஓட்டும் வித்தை மூளையில் பத்திரமாக இருக்கும். ஆனால் தடுமாறும்போது சட்டென்று காலை ஊன்றும் வேகம், திரும்பிப் பார்க்கும் கழுத்து, பின்னால் வரும் ஹாரனைப் பிடிக்கும் காது எல்லாம் முப்பது வருஷம் பழசாகியிருக்கும். அப்பா மூன்றாம் நாளே விழுந்தார். ரோட்டில் இல்லை, எங்கள் பேஸ்மென்ட் பார்க்கிங்கில். ஓடும்போதும் இல்லை, இறங்கும்போது, காலைப் பின்னால் தூக்கி பார் மேல் சுற்றி எடுக்கையில். முழங்கையில் சிராய்ப்பு. 'நான் அப்பவே சொன்னேனே' என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நிஜ ஆபத்து எங்கே இருக்கிறது?

ரோட்டில்தான். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த வருஷம் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 4,800-க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் சென்றவர்கள். மொத்தத்தில் சுமார் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் போகிறவருக்கும் குடியிருப்புத் தெருவில் போகிறவருக்கும் ஒரே ஆபத்து அல்ல என்பதை இந்தச் சராசரி சொல்லாது.

அரசுகளின் போக்கிலும் முரண் உண்டு. வீடுகளில் அதிக சைக்கிள் உள்ள மாநிலத்தின் தலைநகரான கொல்கத்தாவில், 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். 2020-ல் கொரோனா வந்தபிறகு தடையைத் தளர்த்தினார்கள். அதே 2020-ல் மத்திய அரசு 'சைக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற போட்டியை அறிவிக்க, 107 நகரங்கள் பதிவு செய்தன. கடைசியில் பரிசு பெற்ற 11 நகரங்களில் பெங்களூரும் ஒன்று. பரிசு வாங்கிய ஊரில், எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோட்டைத் தொடும்வரை சைக்கிளுக்கென்று ஒரு அடி பாதைகூட இல்லை!

அதனால் நாங்கள் ரோட்டை அல்ல, நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். காலை வெளிச்சம் வந்தது முதல் ஸ்கூல் பஸ்கள் கிளம்பும் வரை, லேஅவுட் உள்தெருக்களில் மட்டும். ஞாயிறுகளில் கப்பன் பார்க்குக்குள் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடமோ நேரமோ இருக்கும், விசாரியுங்கள்.

அம்மாவுக்கு?

அப்பாவுக்கு சைக்கிள் வந்த அன்று அம்மா அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு யாரும் கத்துக் கொடுக்கலையே" என்றார். மேலே சொன்ன லான்செட் ஆய்வில் உடலுழைப்பு போதாத இந்திய ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். அந்த இடைவெளியில் இந்த ஒரு வரியும் அடங்கும்.

வயது வந்தபிறகு பெண்கள் சைக்கிள் கற்க முடியுமா என்ற கேள்விக்கு புதுக்கோட்டை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்தில் லட்சம் பெண்கள் அளவில் சைக்கிள் கற்றார்கள். பலர் அப்போதே குழந்தைகளின் தாய்மார்கள். இன்று அறுபதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு எளிய வழி: இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, காலால் தரையை உந்தி உந்திப் போகப் பழகணும். சமநிலை வந்தபிறகு பெடலை மாட்டலாம். அம்மா இப்போது உந்தும் கட்டத்தில் இருக்கிறார்.

வாங்கும் முன்

டாக்டரிடம் ஒரு முறை போய்விடுங்கள். சில பிபி மாத்திரைகள் சட்டென எழும்போது தலைசுற்ற வைக்கும். இன்சுலின் அல்லது சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால் ஆபத்து இரட்டிப்பு. ஹெல்மெட்டை சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். மார்வலி, மூச்சுத் திணறல் இருந்தவர்களுக்கு இதய பரிசோதனைக்குப் பிறகே சைக்கிள்.

வண்டியைப் பொறுத்தவரை என் ஒரே பிடிவாதம், குறுக்கே பார் இல்லாத சைக்கிள். நம் ஊரில் 'லேடீஸ் சைக்கிள்' என்பார்களே, அதேதான். வயதானவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் விழுகிறார்கள். காலைச் சுற்றி எடுக்கும் வேலையே இதில் இல்லை. நான் முதலில் வாங்கியது பார் வைத்தது, அது என் தப்பு. மாற்றலாம் என்றால் அப்பா ஒப்புக்கொள்ளவே இல்லை, "அதுல போனா நாலு பேர் என்ன சொல்வான்" என்று. சிராய்ப்பு ஆறும்வரை அந்தப் பேச்சு ஓடியது. டயர் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். ஆரம்பத்தில், சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படும் உயரம் வைக்கலாம். பழகியபிறகு, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் அளவுக்கு ஏற்ற வேண்டும். தாழ்வான சீட்டில் நெடுநாள் ஓட்டினால் முழங்கால் நிஜமாகவே வலிக்கும்.

மேடான ஊர் என்றால் இ-சைக்கிள் யோசிக்கலாம். மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருந்தால் பதிவோ லைசென்ஸோ தேவையில்லை. ஆனால் கனம் அதிகம். ஓட்டப் போகிறவரே கடையில் ஒருமுறை தள்ளிப் பார்க்கட்டும். விலை பற்றி ஒரு நல்ல செய்தி: சாதா சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

அப்பா இப்போது பார் இல்லாத வண்டியில்தான் போகிறார். முதல் வாரம் பத்து நிமிடம், இப்போது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு மணிக்குக் கிளம்புவார், வரும்போது ஹேண்டில்பாரில் கீரைக்கட்டு தொங்கும். நேற்று ஆபீஸில் இருக்கும்போது போன் செய்தார். பதறி எடுத்தால், பின்னால் கேரியர் மாட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தானாம்.