மானும் துவக்கும் அந்நியனும்: ஒரு வேட்டைச் சட்டத்தின் வரலாறு

பென்சில்வேனியாவின் மான் வேட்டைக்காலம் பற்றி எம்மவரிடம் பேச்செடுத்தால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, அது காட்டுமிராண்டித்தனம் என்பது. மற்றது, அது வெள்ளைக்காரரின் விசயம், எங்களுக்கு அதில் என்ன வேலை என்பது. முதலாவதைச் சொல்பவர்களில் அநேகர் சனிக்கிழமை தோறும் ஆட்டிறைச்சிக் கடையில் வரிசையில் நிற்பவர்கள். ஆகவே அந்த விவாதத்தை இங்கு விட்டுவிடுகிறேன். இரண்டாவது பதில்தான் ஆராயத்தக்கது. ஏனெனில் இந்த மாநிலத்தில் வேட்டையாடும் உரிமையின் வரலாறு, பெரும்பகுதி, அகதிகளாகவும் கூலிகளாகவும் கப்பலேறி வந்தவர்களின் வரலாறே. அந்த உரிமையை யார் பெற்றார்கள், பெற்றபின் யாருக்கு மறுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஊரில் நான் ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவன். இப்போது லீஹை பள்ளத்தாக்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். 1525ஆம் ஆண்டின் ஜேர்மன் விவசாயிகள் போரைப் பற்றி ஆண்டுதோறும் விரிவுரை செய்திருக்கிறேன். அவ்விவசாயிகள் மெமிங்கன் நகரில் வெளியிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளில் நான்காவது, காட்டு விலங்கையும் பறவையையும் ஓடும் நீரின் மீனையும் ஏழை பிடிக்கக்கூடாதென்ற தடையை எதிர்த்தது. மான் பிரபுவுக்குரியது. அது குடியானவனின் பயிரை மேய்ந்தாலும் அவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இங்கிலாந்திலும் நிலை இதுதான். 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த அளவு வருமானம் தரும் நிலமில்லாதவன் வேட்டையாட முடியாது. 1723இல் வந்த 'கறுப்புச் சட்டம்' முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடுவதற்கு மரணதண்டனை விதித்தது.

விவசாயிகளின் போர் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால் அந்த நான்காவது கோரிக்கை 250 ஆண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால் நிறைவேறியது என்பதை நான் இங்கு வந்த பின்னரே கவனித்தேன். 1683இல் ஜேர்மன்டவுனில் தொடங்கிய குடியேற்றமும், பதினெட்டாம் நூற்றாண்டில் போராலும் மதநெருக்கடியாலும் பஞ்சத்தாலும் விரட்டப்பட்டு ரைன் பிரதேசத்திலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வந்தவர்களும் இம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியை நிரப்பினர். 1776இல் பென்சில்வேனியா தனக்கென எழுதிய அரசியல் யாப்பின் 43ஆம் பிரிவு, தம் நிலத்திலும் வேலியடைக்கப்படாத பிற நிலங்களிலும் உரிய பருவத்தில் வேட்டையாடும் சுதந்திரத்தைக் குடிமக்களுக்கு வழங்கியது. ஐரோப்பாவில் பிரபுவின் சலுகையாக இருந்தது இங்கே யாப்பில் எழுதப்பட்ட உரிமையாயிற்று.

அந்த வேலியடைக்கப்படாத நிலம் யாருடையது என்ற கேள்வியையும் உடனே கேட்டாக வேண்டும். லீஹை பள்ளத்தாக்கு லெனாப்பே மக்களின் வேட்டை நிலம். 1737இல், ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் என்று ஓர் உடன்படிக்கையைக் காட்டி, பாதை வெட்டி வைத்து, மூன்று ஓட்டக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி ஓடவிட்டு அந்நிலத்தைப் பறித்தார்கள். ஓரினம் பெற்ற உரிமை இன்னோரினத்தின் இழப்பின் மேல் கட்டப்பட்டது.

இவ்வுரிமையோடு சேர்ந்து பிறந்ததுதான் பென்சில்வேனியாவின் நீளத்துவக்கு. ஜேர்மன் கொல்லர் கொண்டுவந்த 'யேகர்' துவக்கு குட்டையான குழலும் பெரிய துவாரமும் கொண்டது. லான்கஸ்டர் பகுதிப் பட்டறைகளில் குழல் நாற்பது அங்குலத்துக்கு மேல் நீண்டது, துவாரம் ஒடுங்கியது. காட்டில் வாழ்பவனுக்கு ஈயமும் மருந்தும் அருமை. சிறிய குண்டு என்றால் ஒரு இறாத்தல் ஈயத்தில் கூடுதலான வெடி கிடைக்கும். குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டிய வரிகள் குண்டைச் சுழலவைத்துக் குறி தப்பாமல் அனுப்பின. பின்னாளில் இது 'கென்டக்கி' என்று பெயர் பெற்றாலும் செய்தவர்கள் பென்சில்வேனியாக்காரர்களே.

இந்த ஆயுதத்துக்கென்றே தனி வேட்டைக்காலம் ஒன்றை இம்மாநிலம் 1974இல் தொடங்கியது. நத்தாருக்கு மறுநாள் திறக்கும் அக்காலத்தில் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துவக்குக்கு மட்டுமே இடம். என்னோடு வேலை செய்யும் ஜேர்மன் வம்சாவளிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஆண்டுதோறும் போகிறவர். சில வருடங்களுக்கு முன் என்னையும் அழைத்தார். துவக்கில்லாமல், வெறுமனே பார்ப்பதற்காகப் போனேன். அவரது தகப்பனார், தங்கை, இரண்டு நண்பர்கள், போகோனோ மலைப்பக்கம் ஒரு மரக்குடில். தகப்பனார் 1974இன் முதற் காலத்திலேயே போனவர். துவக்கை அவரே கெட்டித்துக் காட்டினார். அளந்த கருமருந்தைக் குழல்வாயால் கொட்டி, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைச் சுற்றி, நீண்ட கோலால் அடிவரை இடித்து இறக்கினார். வெளியே சிறிய கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் கல் உருக்கில் உரசி, பொறி கிண்ணத்தில் விழுந்து, பக்கத் துளையால் தீ உள்ளே போக வேண்டும். பனி ஈரம் பட்டால் கிண்ணத்தில் புகை மட்டும் எழும், துவக்கு வெடிக்காது. மான் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். அன்று தங்கைக்கு நடந்தது அதுதான். ஒரு நாளில் நல்லபடியாக ஒரு வெடி வைக்கக் கிடைத்தாலே பெரிது.

"உங்கட ஊரிலையும் மான் இருக்குதோ, புரொபசர்?" என்று கேட்டார் கிழவர். தொழிற்சாலையில் எனக்கு வைத்த பட்டப்பெயர் அவர்வரை போயிருந்தது. வன்னியில் 'இடியன்' என்று ஒரு துவக்கு இருப்பதையும், இதைப்போலவே வாயால் இடித்துக் கெட்டிப்பதால் அப்பெயர் வந்ததையும் சொன்னேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். எண்பதுகளில் துவக்கு என்ற சொல்லுக்கே எமக்கு வேறு பொருளாகிப் போனதை நான் அவருக்கு விளக்கவில்லை.

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் மான் ஏறக்குறைய அழிந்துவிட்டது. மரக்கம்பனிகள் காடுகளை மொட்டையடித்தன. சந்தை வேட்டைக்காரர் புகையிரதத்தில் இறைச்சியையும் தோலையும் நகரங்களுக்கு ஏற்றினர். 1895இல் மாநில வேட்டை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1906இல் மிச்சிகனிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907இல் கொம்புள்ள ஆண்மானை மட்டுமே சுடலாம் என்று சட்டமாயிற்று. இவை பயன் தந்த நடவடிக்கைகள். அண்மைய ஆண்டுகளில் ஒவ்வொரு பருவத்திலும் ஏறக்குறைய நான்கு இலட்சம் மான்கள் வேட்டையாடப்பட்டும் இனம் குறையவில்லை.

ஆனால் அதே காலத்தில் குற்றவாளி ஒருவனும் தேவைப்பட்டான். நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கற்குழிகளுக்கும் உருக்காலைகளுக்கும் கூலிகளாக வந்த இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பியரும் ஞாயிறுகளில் குருவி சுட்டுச் சமைத்தது உண்மை. 1906இல் ஹில்ஸ்வில் அருகே சீலி ஹூக் என்ற வேட்டைக் காவலர் கொல்லப்பட்டதும், அதற்காக ஓர் இத்தாலியர் 1909இல் தூக்கிலிடப்பட்டதும் உண்மை. ஆனால் காட்டை அழித்த கம்பனிகளை விட்டுவிட்டு, 1909 மே மாதத்துச் சட்டம் குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் அனைவருக்கும் வேட்டையைத் தடைசெய்தது. அதற்காகவே அவர்கள் வேட்டைத்துவக்கு எதையும் வைத்திருக்கவும் கூடாதென்றது. தண்டம் 25 டொலர், துவக்கும் பறிமுதல். 1915இல் இன்னொரு சட்டம், அவர்கள் நாய் வளர்ப்பதையும் தடுத்தது.

பற்சோன் என்ற இத்தாலியர் இச்சட்டத்தை எதிர்த்து ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார். 1914 ஜனவரியில் அவர் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஹோம்ஸ். மாநிலம் தன் வனவிலங்கைத் தன் பிரஜைகளுக்கென ஒதுக்கலாம் என்றும், ஆபத்து எந்த வகுப்பினரிடமிருந்து வருகிறதென்று சட்டசபை கருதுவதை நீதிமன்றம் மறுக்க இயலாதென்றும் அது சொன்னது. பிரதம நீதியரசர் வைற் உடன்படவில்லை. இங்கு கவனிக்க வேண்டியது தர்க்கத்தைத்தான். ஒரு தனிமனிதன் செய்த குற்றத்தை அவன் சார்ந்த கூட்டத்தின் இயல்பாக்கி, கூட்டத்தையே சட்டத்தால் கட்டுவது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் வாழ்ந்த எமக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.

இதை நிறைவேற்றிய சட்டசபை, 1776இன் யாப்பை எழுதிய குடியேறிகளின் வாரிசு. பிரபுவின் வேலியிலிருந்து தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பின்னால் வந்தவனுக்கு வேலி போட்டார்கள். கலிபோர்னியா ஜப்பானியருக்கு மீன்பிடி அனுமதி மறுத்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது 1948இல்தான்.

அக்குடிலில் இருந்த நண்பர்களில் ஒருவரின் பூட்டனார் தென் இத்தாலியிலிருந்து சிலேற்றுக் கற்குழிக்கு வந்தவர். 1909ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் அறிந்திருக்கவில்லை. ஆனால் பூட்டனார் துவக்கைப் பலகைத் தரைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார் என்ற குடும்பக் கதை அவருக்குத் தெரியும். ஏனென்று எவரும் சொல்லித் தரவில்லையாம். நான் சொன்னபோது சற்று நேரம் பேசாமலிருந்தார். அவரே அன்று பின்னேரம், தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த டொமினிக்கன் இளைஞர்கள் அடுத்த பருவத்துக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்வது பற்றிப் பேச்சு வந்தபோது, "அவங்களுக்கு எங்கட ஒழுங்கு விளங்காது" என்றார். நல்ல மனிதர். எனக்கு ஒரு தொடை இறைச்சியைச் சுற்றித் தந்தவரும் அவரே.

இதை அவருடைய தனிப்பட்ட குறையாகப் பார்ப்பதில் பயனில்லை. விஸ்கொன்சினில் குடியேறிய மொங் அகதிகள் லாவோஸின் மலைகளில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 2004இல் அங்கே ஒரு மொங் வேட்டைக்காரர் ஆறு வெள்ளையரைச் சுட்டுக்கொன்றார். இனவசையே தகராறின் தொடக்கம் என்று அவர் வாதாடினார், நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன்பின் சந்தேகம் அந்தச் சமூகம் முழுவதன் மேலும் விழுந்தது. 2007இல் வேறொரு மொங் வேட்டைக்காரர் ஒரு வெள்ளையரால் காட்டில் கொல்லப்பட்டார். 1909ஆம் ஆண்டின் தர்க்கம் சட்டப்புத்தகத்துக்கு வெளியே உயிரோடுதான் இருக்கிறது.

இன்று இங்கே நிரந்தர வதிவிடம் பெற்ற எம்மவர் ஒருவர் பயிற்சி வகுப்பை முடித்து அனுமதிப்பத்திரம் வாங்கி, 15 இலட்சம் ஏக்கர் அளவிலான மாநில வேட்டை நிலங்களில் எவருக்கும் சமமாக நடக்கலாம். எல்லோரும் துவக்கெடுக்க வேண்டுமென்பதல்ல என் வாதம். நானும் எடுக்கப் போவதில்லை. 'அது அவர்களின் விசயம்' என்று விலகும்போது, அந்த 'அவர்கள்' எப்படி உருவானார்கள் என்பதைப் படிக்கும் வாய்ப்பையும் விட்டுவிடுகிறோம் என்பதே நான் சொல்ல வருவது. அதைப் படித்தால் நம்மைப் பற்றியும் சில சங்கடமான கேள்விகள் எழும். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் போலிக் கடவுச்சீட்டில் வந்திறங்கி இன்று பிரஜைகளாகிவிட்ட எம்மில் எத்தனை பேர், இப்போது படகிலும் பாலைவனம் வழியாகவும் வருபவர்களைப் பற்றி நண்பரின் அந்த வாக்கியத்தை எங்கள் திருமண மண்டபங்களில் சொல்கிறோம்? எங்கள் சங்கங்கள் எமக்கான உரிமைகளைக் கேட்டு மனுக் கொடுக்கும்போது, அடுத்து வருபவனின் பெயரையும் அதில் எழுதுகின்றனவா? வாசகர்கள் மறுத்தோ உடன்பட்டோ எழுத வேண்டும்.