மைக் செட்டில் தொடங்கிய பேண்ட்: மாசிவ் அட்டாக் யார்? பிரிஸ்டல் நகரத்துக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

'ஹவுஸ்' என்ற அமெரிக்க மருத்துவ சீரிஸ் பார்த்தவர்களுக்கு அதன் டைட்டில் இசை மறந்திருக்காது. இதயத் துடிப்பு மாதிரி ஒரு தாளம், மேலே மெல்லிசாக ஒரு கம்பி இசை. அது சீரிஸுக்காகப் போட்ட இசை இல்லை. 1998-ல் வெளியான 'டியர்டிராப்' என்ற பாட்டிலிருந்து எடுத்தது. பாட்டின் சொந்தக்காரர்கள் மாசிவ் அட்டாக். இங்கிலாந்தின் மேற்குப் பக்கம் இருக்கிற பிரிஸ்டல் என்ற துறைமுக நகரத்தின் எலக்ட்ரானிக் பேண்ட்.

முதல் 20 வருஷத்தில் இவர்கள் போட்ட ஸ்டுடியோ ஆல்பம் ஐந்தே ஐந்துதான். 1991, 1994, 1998, 2003, 2010. ஆனாலும் எலக்ட்ரானிக் இசை பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்தப் பெயர் வந்துவிடும். கூடவே பிரிஸ்டல் பெயரும் வரும். அது ஏன்?

பிரிஸ்டலில் அப்படி என்ன இருக்கு?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜமைக்கா, பார்படாஸ் போன்ற கரீபியன் தீவுகளில் இருந்து பலர் வேலை தேடி இங்கிலாந்து வந்தார்கள். பிரிஸ்டலுக்கு வந்தவர்களில் கணிசமானவர்கள் குடியேறிய பகுதி செயின்ட் பால்ஸ். வாடகைக்கு வீடு கிடைப்பதே கஷ்டம். அந்த ஊர் பஸ் கம்பெனியோ, கறுப்பினத்தவர்களையும் ஆசியர்களையும் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று இருந்தது.

1963-ல் பால் ஸ்டீபன்சன் என்பவர் முன்னின்று பஸ் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தினார். நாலு மாசம் நீடித்தது. ஆகஸ்ட் 28-ல் கம்பெனி இறங்கி வந்தது. அதே நாளில்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற உரை. இதில் நமக்கு ஒரு கூடுதல் தகவல்: தடை நீங்கிய பிறகு வேலைக்குச் சேர்ந்த வெள்ளையர் அல்லாத முதல் கண்டக்டர் ஒரு சீக்கியர். பெயர் ரக்பீர் சிங்.

போராட்டம் ஜெயித்தாலும் வாழ்க்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1980 ஏப்ரல் 2-ல் செயின்ட் பால்ஸில் ஒரு கஃபேயில் போலீஸ் ரெய்டு நடத்த, அது பெரிய கலவரமாக வெடித்தது. மாசிவ் அட்டாக் ஆட்கள் அப்போது இளம் வயதில் இருந்தவர்கள்.

இந்த மக்கள் வரும்போது ஒன்றைக் கூடவே கொண்டு வந்தார்கள். சவுண்ட் சிஸ்டம். ஜமைக்காவில் தெருவிலேயே ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, ஒருவர் ரெக்கார்டு போட, இன்னொருவர் மைக் பிடித்து மேலே பேசிக்கொண்டே போவார். சுருக்கமாகச் சொன்னால் மைக் செட். ஆனால் அங்கே மைக் செட் வைத்திருப்பவர்தான் ஹீரோ. எந்த செட்டின் பாஸ் நெஞ்சை அதிகமாக அதிர வைக்கிறது என்பதில் போட்டியே நடக்கும். கிளப்புகளில் சரியான வரவேற்பு இல்லாத மக்களுக்கு வீடுகளிலும் காலிக் கட்டடங்களிலும் நடக்கும் இந்த இரவுகள்தான் கொண்டாட்டம்.

பேண்ட் எப்படி உருவானது?

1980-களின் தொடக்கத்தில் 'தி வைல்ட் பஞ்ச்' என்ற சவுண்ட் சிஸ்டம் பிரிஸ்டலில் பிரபலம். அதில் ஒருவர் கிராண்ட் மார்ஷல், மேடைப் பெயர் டாடி ஜி. பெற்றோர் பார்படாஸில் இருந்து வந்தவர்கள். ஊரில் ஒரு ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தவர். அடுத்து ராபர்ட் டெல் நாஜா, 3டி. இவருடைய அப்பா இத்தாலிக்காரர். 3டி முதலில் அறியப்பட்டது சுவரில் கிராஃபிட்டி வரைபவராகத்தான். இன்றைக்கு உலகமே பேசும் பேங்ஸியும் இதே பிரிஸ்டலில் இருந்து வந்தவர். 'இருவரும் ஒரே ஆள்' என்று ஒரு வதந்தி பல வருஷமாகச் சுற்றுகிறது. டெல் நாஜா அதை மறுத்திருக்கிறார். மூன்றாவது ஆண்ட்ரூ வௌல்ஸ், பட்டப்பெயர் மஷ்ரூம்.

இவர்கள் அடிக்கடி ரெக்கார்டு போட்ட இடம் பார்க் ரோ தெருவில் இருந்த 'டக் அவுட்' என்ற சின்ன கிளப். ஒரு பக்கம் செயின்ட் பால்ஸ், இன்னொரு பக்கம் வசதியானவர்கள் வாழும் கிளிஃப்டன். இரண்டு பக்கத்து இளைஞர்களும் ஒரே தரையில் ஆடிய இடம் அது. ரெக்கே, பங்க், சோல், அமெரிக்காவில் இருந்து புதிதாக வந்திறங்கிய ஹிப்-ஹாப் எல்லாம் ஒரே இரவில் ஓடும். 'இது அவங்க பாட்டு, இது நம்ம பாட்டு' என்ற கோடு அங்கே அழிந்தது. 1986-ல் கிளப் மூடப்பட்டது. வைல்ட் பஞ்சும் கொஞ்ச காலத்தில் கலைந்தது. மிச்சம் இருந்த மூவர் ஆரம்பித்ததுதான் மாசிவ் அட்டாக்.

'ப்ளூ லைன்ஸ்' ஆல்பத்தில் என்ன விசேஷம்?

1991 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பம். ஒன்பது பாட்டு. அந்த நேரம் இங்கிலாந்து முழுக்க ரேவ் பார்ட்டிகளும் ஹவுஸ் இசையும்தான். நிமிஷத்துக்கு சுமார் 120 அடி, விடிய விடிய ஆட்டம். ப்ளூ லைன்ஸ் அந்த ஓட்டத்துக்கு நடுவே நிதானமாக நடந்து வந்தது. பாஸ் அடியில் கனமாக உருள, மேலே யாரோ காதுக்குள் பேசுகிற மாதிரி ராப். ஆட வைப்பதைவிட உட்கார்ந்து தலையாட்ட வைக்கிற இசை.

இதில் இன்னொரு விஷயம், மூவருமே வழக்கமான அர்த்தத்தில் பாடகர்களோ வாத்தியக்காரர்களோ கிடையாது. பாட்டுக்குப் பாட்டு ஆள் அழைத்தார்கள். சோல் குரலுக்கு ஷாரா நெல்சன். ரெக்கேவுக்கு ஜமைக்காவின் மூத்த பாடகர் ஹொரேஸ் ஆண்டி. ராப்புக்கு சொந்த ஊர்ப் பையன் டிரிக்கி. மேடையை இவர்கள் போட்டுக் கொடுக்க, மைக்கில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். யோசித்துப் பார்த்தால் இதுவும் சவுண்ட் சிஸ்டம் வழக்கம்தான். தெருவில் செய்ததையே ஸ்டுடியோவிலும் செய்தார்கள்.

இசையும் அப்படியே. பழைய ரெக்கார்டுகளில் இருந்து சில நொடிகளை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் புதுப் பாட்டு கட்டுவது. இதுதான் சாம்ப்ளிங். எதை வெட்டுகிறார் என்பதில்தான் டிஜே-வின் ரசனை தெரியும். 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' பாட்டின் அடித்தளம் ஜாஸ் டிரம்மர் பில்லி காபமின் 'ஸ்ட்ராடஸ்'. 'ஒன் லவ்' பாட்டுக்கு எடுத்தது, அதே காபம் டிரம்ஸ் வாசித்த மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 1971 ஆல்பத்தில் இருந்து.

பெயரைக் கவனித்தீர்களா? அந்தக் குழுவின் தலைவர் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். பிறகு அவர்தான் வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவைத் தொடங்கியவர். 2024-ல் கிராமி வாங்கியபோது சங்கர் மகாதேவன் மேடையில் நின்றாரே, அதே சக்தி. ஆக, பிரிஸ்டல் கிளப்புக்கும் நம்ம ஊர் கடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் இடைவெளி. பாகிஸ்தானின் கவ்வாலி மேதை நுஸ்ரத் ஃபதே அலி கானின் 'மஸ்த் மஸ்த்' பாட்டை ரீமிக்ஸ் செய்ததும் மாசிவ் அட்டாக்தான் என்பது உபரித் தகவல்.

பெயரில் பாதி ஏன் காணாமல் போனது?

ஆல்பத்தின் பெரிய ஹிட் 'அன்ஃபினிஷ்ட் சிம்பதி'. சிங்கிளாக 1991 பிப்ரவரியில் வந்தது. அப்போது வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. 'அட்டாக்' என்ற வார்த்தை ரேடியோவில் சிக்கல் ஆகும் என்று, அந்த சிங்கிளில் பேண்டின் பெயர் வெறும் 'மாசிவ்' என்று அச்சானது. போர் முடிந்ததும் அட்டாக் திரும்பி வந்தது. பின்னாளில் 2003 இராக் போரை வெளிப்படையாக எதிர்த்த இசைக்கலைஞர்களில் டெல் நாஜாவும் ஒருவர்.

'டிரிப்-ஹாப்' என்றால் என்ன?

1994-ல் ஒரு பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை பயன்படுத்திய சொல். மெதுவான ஹிப்-ஹாப் தாளம், மயக்கமான சூழல், சோகமான குரல் எல்லாம் சேர்ந்தால் இந்த லேபிள் ஒட்டிவிடுவார்கள். லேபிள் ஒட்டப்பட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மாசிவ் அட்டாக்குக்கும்தான்.

பிரிஸ்டல்காரர்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்பதற்கு இது போதும்: ப்ளூ லைன்ஸ் பதிவின்போது உள்ளூர் 'கோச் ஹவுஸ்' ஸ்டுடியோவில் டேப் ஆபரேட்டராக இருந்த இளைஞர் ஜெஃப் பாரோ. அவர் தொடங்கிய பேண்ட் போர்ட்டிஸ்ஹெட். அவர்களுடைய 'டம்மி' ஆல்பம் 1995-ல் மெர்குரி பரிசு வென்றது. டிரிக்கி தனியாகப் போய், இறந்துபோன தன் அம்மாவின் பெயரில் 'மாக்ஸின்குவே' ஆல்பம் போட்டார். 1997-ல் இதே ஊரின் ரோனி சைஸ் குழு, ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' போட்டியில் இருந்தும் மெர்குரி பரிசைத் தட்டிக்கொண்டு போனது. அது டிரிப்-ஹாப் கூட இல்லை, படுவேகமான டிரம் அண்ட் பேஸ். ஆனால் அடியில் உருளும் அந்த பாஸ் மட்டும் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

சொந்த ஊர் அரங்கில் பாட மறுத்தது ஏன்?

பிரிஸ்டலின் முக்கிய இசை அரங்கின் பெயர் கோல்ஸ்டன் ஹால். 1867-ல் திறந்தது. உலகம் முழுக்கப் பாடிய மாசிவ் அட்டாக், அந்தப் பெயர் இருக்கும் வரை அங்கே பாட மாட்டோம் என்று பல வருஷம் உறுதியாக இருந்தார்கள்.

எட்வர்ட் கோல்ஸ்டன் 17-ம் நூற்றாண்டு வியாபாரி. ஆப்பிரிக்கர்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தவர். அவர் இருந்த காலத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 84,000 பேர், வழியிலேயே இறந்தவர்கள் சுமார் 19,000 பேர் என்பது மதிப்பீடு. அந்தப் பணத்தில் ஊருக்கு தானதர்மம் செய்ததால் பள்ளி, தெரு, அரங்கம் என்று எங்கு பார்த்தாலும் அவர் பெயர். கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளில் விற்கப்பட்டார்கள். அந்தத் தீவுகளில் இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, அவர் பெயர் போட்ட மேடையில் ஏறிப் பாட வேண்டும். விஷயம் இதுதான். வெளியூர்க்காரருக்கு அது வெறும் பெயர்ப்பலகை.

'மெஸ்ஸனைன்' ஆல்பத்தின் 21-ம் ஆண்டு நிகழ்ச்சியை 2019 மார்ச்சில் சொந்த ஊரில் நடத்தியபோதுகூட, நகரின் ஓரத்தில் பழைய விமானத் தளத்தில் தற்காலிக அரங்கம் போட்டார்கள்.

அரங்கின் பெயரை மாற்றப் போவதாக 2017-லேயே நிர்வாகம் அறிவித்துவிட்டது. ஆனால் 2020 ஜூன் 7-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைக் கண்டித்த போராட்டத்தில் மக்கள் கோல்ஸ்டன் சிலையைக் கயிறு கட்டி இழுத்து, துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் அரங்கம் 'பிரிஸ்டல் பீக்கன்' ஆனது. தண்ணீரில் இருந்து எடுத்த சிலை இப்போது எம் ஷெட் என்ற நகர அருங்காட்சியகத்தில், நிற்கவைக்கப்படாமல், மேலே பூசிய பெயின்ட்டோடு படுத்தபடி இருக்கிறது.

இப்போது சீன் எப்படி இருக்கு?

இங்கேதான் கவலை. இந்த மாதிரி இசை பெரிய அரங்கில் பிறப்பதில்லை. நூறு இருநூறு பேர் நிற்கிற இடத்தில், வருமானத்தைப் பெரிதாக எதிர்பார்க்காத இரவுகளில் பிறக்கிறது. பிரிட்டனில் அந்த இடங்கள் மூடிக்கொண்டே வருகின்றன. 2023-ல் மட்டும் 125 சின்ன அரங்குகள் போயின என்கிறது மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பு. வாடகை, மின்கட்டணம் ஒருபுறம். பக்கத்தில் புதிதாக அபார்ட்மென்ட் வந்து, 'சத்தம் தாங்கல' என்று புகார் போவது மறுபுறம்.

பிரிஸ்டலின் 'தெக்லா' இதற்கு நல்ல உதாரணம். அது ஒரு பழைய சரக்குக் கப்பல். துறைமுகத்தில் நிறுத்தி கிளப்பாக மாற்றியிருக்கிறார்கள். 2017-ல் பக்கத்தில் குடியிருப்பு கட்டத் திட்டம் வந்தபோது, கிளப் மூடப்படுமோ என்று ஊரே குரல் கொடுத்தது. இதுபோன்ற பிரச்சாரங்களின் விளைவாக 2018-ல் இங்கிலாந்தின் திட்ட விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. ஏற்கெனவே இசை அரங்கம் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர்தான் சத்தத் தடுப்புக்குப் பொறுப்பு. தெக்லா இன்னும் மிதக்கிறது. டக் அவுட் மூடியபோது அப்படி ஒரு விதி இல்லை.

மாசிவ் அட்டாக்கும் சும்மா இல்லை. இசை நிகழ்ச்சிகளால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று டிண்டால் மைய விஞ்ஞானிகளை வைத்து ஆய்வு செய்யச் சொன்னார்கள். 2021-ல் அறிக்கை வந்தது. மேடை விளக்கைவிட, ரசிகர்கள் காரில் வந்துபோவதுதான் பெரிய பங்கு என்று தெரிந்தது. 2024 ஆகஸ்ட் 25-ல் பிரிஸ்டலின் கிளிஃப்டன் டவுன் திடலில் அதைச் செய்து காட்டினார்கள். டீசல் ஜெனரேட்டர் இல்லை, பேட்டரி. அசைவ உணவு இல்லை. கார் பார்க்கிங் இல்லை, பதிலுக்கு இரவில் ஸ்பெஷல் ரயில். உள்ளூர்க்காரர்களுக்கு முன்கூட்டியே டிக்கெட். 30,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். மழையும் வந்தது, இங்கிலாந்து ஆச்சே!

2025 செப்டம்பரில் இன்னொரு முடிவு. ஸ்பாட்டிஃபை நிறுவனர் டேனியல் ஏக், ராணுவ ஏஐ நிறுவனம் ஒன்றில் முதலீடு செய்ததைக் கண்டித்து, தங்கள் பாடல்களை அந்த ஆப்பில் இருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

'அன்ஃபினிஷ்ட் சிம்பதி' வீடியோவில் இருந்து. லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் ஷாரா நெல்சன் நடந்துகொண்டே பாடுவார்; முழுப் பாட்டும் ஒரே ஷாட், கட் கிடையாது. அடுத்து 'டியர்டிராப்', அதற்குப் பிறகு ப்ளூ லைன்ஸ் முழுசாக. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீங்க, பாதி பாட்டு காணாமல் போயிடும். பாஸ் இருக்கிற இயர்போன் போட்டுக்கோங்க.